மேகத்துறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஜெபராஜ்

ஜெபராஜ் இறந்துபோன செய்தி வந்தபோது நான் கேளம்பாக்கத்தில், வண்டலூர் வழியாகத் தாம்பரம் போகும் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். மெய்ப்புத் திருத்திய தாள்களை அங்கே ஓர் அச்சகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வேளை. கைபேசியில் ஸ்டெல்லாவின் பெயர் தெரிந்தது. ஸ்டெல்லா அவருடைய மனைவி, பல்லாவரத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. வேலை நாளில், பள்ளி நேரத்தில் அவர் யாரையும் அழைக்கிறவர் அல்ல.

“மணி அண்ணா, எங்க இருக்கீங்க?”

“கேளம்பாக்கத்துல. என்னம்மா?”

“அவர் போயிட்டாரு அண்ணா. எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துட்டு சேர்ல உக்காந்தாரு. நான் செருப்பு மாட்டிட்டுத் திரும்பிப் பாக்குறேன்… அவ்ளோதான். நீங்க வாங்க.”

பேருந்து வந்தது. ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்லதோ கெட்டதோ, எது நடந்தாலும் நான் உடனே அழைத்துச் சொல்வதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளைப் பற்றிய செய்தியை இப்போது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தார். எழுப்ப மனம் வரவில்லை. தாம்பரம் வரும்வரை அப்படியே வந்தேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் அவரைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு அவர் ‘மேகத்துறை’ நாவலின் ஆசிரியர். மலையுச்சியில் ஒரு துறைமுகம், அங்கே கப்பல்களைப் போல வந்து நிற்கும் மேகங்கள், அவற்றிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் பழைய மழைகள் என்று மூன்று பாகங்களில் ஒரு தேசத்தையே கட்டி எழுப்பியவர். முதல் இரண்டு பாகங்களும் அடுத்தடுத்து வந்தன. மூன்றாவது வருவதற்குள் பலருக்குத் தலை நரைத்துவிட்டது. ஏன் அவ்வளவு தாமதம் என்று கூட்டத்தில் கேட்கும்போதெல்லாம் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். அந்தத் தாமதம் என்னவாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் சந்தித்தது மேற்குத் தாம்பரத்தில், நிலையத்துக்கு வெளியே இருந்த ஒரு பழைய புத்தகக் கடையில். அட்டை கிழிந்த, செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில மாயக்கதை நாவல் குவியலில் கிடந்தது. நான் ஒரு முனையைப் பிடித்தேன், இன்னொரு கை மறுமுனையைப் பிடித்தது. அந்தக் கைக்குரியவரின் தோளில் தொங்கிய பையில் முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேருக்குமே நாற்பதைத் தாண்டிய வயது. அந்த வயதில் டிராகன் கதை படிப்பதை நான் அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. நாளிதழுக்குள் மறைத்து வைத்து ரயிலில் படிக்கிறவன் நான்.

“நீங்க முதல்ல படிங்க சார்,” என்றார். “ஆனா டிராகன் சாகுதா இல்லையான்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

திருமணம் செய்துகொள்ளாதவன் நான். கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னைப் போலவே டிராகனைப் பற்றிக் கவலைப்படும் இன்னொரு மனிதர் சிட்லபாக்கத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. படித்து முடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் நின்று தேங்காய் துருவிக்கொண்டே, டிராகனின் முடிவை மட்டும் விட்டுவிட்டு மற்ற கதையைக் கேட்டார். அதில் போர் நடக்கும் அத்தியாயங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. அதைச் சொன்னேன்.

“அது இருக்கட்டும் சார். அந்த மலையடிவாரத்துல அவ்ளோ படை கூடாரம் போட்டு இருந்துச்சே, அத்தனை பேருக்கும் யாரு சமைச்சது? பாத்திரம் யாரு கழுவினது? அத மட்டும் எந்தப் புக்லயும் எழுதவே மாட்டேங்குறாங்க.”

‘மேகத்துறை’யில் படைத்தளபதியைவிட சமையல்காரிக்கு ஏன் அதிகப் பக்கங்கள் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அவர் படித்ததும் எழுதியதும் அடுப்படி வேலைகளுக்கு நடுவில்தான்.

அவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்ட அதே சமயத்தில் ஸ்டெல்லாவுக்குப் பதவி உயர்வு வந்தது. அவர்களுடைய மகள் ஷைனி அப்போது சிறுமி. ஸ்டெல்லாவின் தாயார் காலமானதால் தந்தையும் இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, ஜெபராஜ் இருப்பது என்று முடிவு செய்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபையில் யாராவது அக்கறையோடு விசாரிப்பார்கள். “பிரதர், இப்ப எங்க வேலை?”

“வீட்லதான் பிரதர். ரெண்டு ஷிஃப்ட்,” என்பார்.

சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்வார். ஆனால் அவரைப் பார்க்கச் சபை வாசலுக்குப் போன நாட்களில், அந்தக் கேள்விக்குப் பிறகு வண்டியை எடுக்கும்வரை அவர் யாரோடும் பேசாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

எழுதுவதற்கென்று அவருக்குத் தனியாக ஓர் இடம் இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் லேப்டாப் திறந்திருக்கும். குக்கர் விசில் வரும், எழுந்து போவார். வாஷிங் மெஷின் கத்தும், எழுந்து போவார். திரும்பி வந்து அதே வாக்கியத்தைப் பாதியிலிருந்து தொடர்வார். ஒருமுறை சாம்பார் அடிப்பிடித்து வீடெல்லாம் புகை. ஷைனி பள்ளியிலிருந்து வந்து, அப்பா மேசையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாளாம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாளாம், “அப்பா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க? நம்ம வீட்லயா, அங்கயா?”

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டார். ஷைனி வீட்டில் இருக்கும் நேரத்தில் எழுத்தும் இல்லை, மாயக்கதையும் இல்லை. “அவ ஸ்கூல் விட்டு வந்துட்டா நான் வேற நாட்டுக்குப் போகக் கூடாது சார். விசா கேன்சல்,” என்றார் என்னிடம். அந்த விதியை அவர் மீறி நான் பார்த்ததில்லை. வாக்கியம் பாதியில் நிற்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டால், முற்றுப்புள்ளிகூட வைக்காமல் லேப்டாப்பை மூடிவிடுவார்.

ஸ்டெல்லா அவருடைய நாவல்களைப் படித்ததில்லை. விடைத்தாள் படிப்பதற்கே கண் போதவில்லை என்பார். அவருக்கு இந்த எழுத்து பிடிக்கவில்லை என்றே நானும் நினைத்திருந்தேன். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அந்த எண்ணம் மாறியது. ஸ்டெல்லாவின் அண்ணன் பிரியாணித் தட்டோடு நின்று, எல்லோரும் கேட்கும்படி, “மச்சான் இன்னும் அந்தக் குட்டிச்சாத்தான் கதைதான் எழுதிக்கிட்டு இருக்காரா?” என்றார்.

ஜெபராஜ் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“அவர் எழுதுறது எனக்குப் புரியாதுண்ணா. ஆனா நம்ம அப்பாவக் குளிப்பாட்டுறது யாரு, வேட்டி மாத்துறது யாருன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா?”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படிப்பட்ட பேச்சு எழவில்லை.

அந்த அப்பாவை எல்லோரும் மாமா என்றுதான் அழைத்தோம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைய ஆரம்பித்திருந்தது. ஜெபராஜ் மூன்றாம் பாகத்தின் நடுவில் இருந்த சமயம் அது. ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் அழைத்தார். குரல் அவருடையது போலவே இல்லை.

“சார், மாமாவக் காணோம். கேட் திறந்து கெடக்கு. நான் இங்கதான் சார் இருந்தேன், இதே மேசையில. எழுதிக்கிட்டு இருந்தேன். கேட் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல சார்.”

அன்று விடுப்பில் வீட்டில் இருந்த நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் யாரைக் காணவில்லை என்றாலும் முதலில் பயம் வருவது சிட்லபாக்கம் ஏரியை நினைத்துத்தான். கரையோரமாக மெதுவாக ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் சொன்னார், “சார், நீங்க தண்ணியப் பாருங்க. நான் ரோட்டப் பாக்குறேன்.”

அவரால் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே முடியவில்லை. நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆகாயத்தாமரையும் கொக்குகளும்தான் இருந்தன. பிறகு ரயில் நிலையத்துக்குப் போனோம். அங்கே டீக்கடைக்காரர், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் செங்கல்பட்டு வண்டியில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். அது அலமாரியில் வைத்திருந்த மாமாவின் பழைய ரயில்வே கோட்டு. அதை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு நிலையமாக நின்று விசாரித்துக்கொண்டே போனோம்.

வண்டலூரில் கிடைத்தார். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா.

“ஒங்க வூட்டுப் பெரியவரா? இன்னா சார் நீங்க, இப்டித் தனியா வுட்டுட்டீங்க? எறங்குறவங்க எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டுகினு கீறாரு. வெயில்ல மயக்கம் போட்டுடப் போறாருன்னு நான்தான் இட்டாந்து குந்த வச்சேன்.”

மாமா ஜெபராஜை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. கையை நீட்டி, “டிக்கெட்,” என்றார்.

ஜெபராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஸ்கூட்டரில் வந்தவரிடம் ஏது டிக்கெட்? “இல்ல சார். தெரியாம வந்துட்டேன்,” என்றார்.

“சரி, போ. அடுத்த தடவை எடுத்துட்டு வா. வீட்டுக்குப் பத்திரமாப் போ.”

ஜெபராஜ் அங்கேயே, அந்த நடைமேடைத் தரையில் உட்கார்ந்து அழுதார். பூக்கார அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மாமா பெருந்தன்மையோடு ஜெபராஜின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் ஸ்டெல்லா ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. தான் வீட்டில் இருந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்றாராம். “திட்டியிருந்தா பரவால்ல சார்,” என்று மறுநாள் ஜெபராஜ் சொன்னார். லேப்டாப்பை உறையில் போட்டுப் பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டார். எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பதிப்பாளரும் கேட்டார். “மேகம் எங்கயும் போகாது சார். மாமா போயிடுவாரு,” என்பதே பதில். மூன்றாம் பாகத்துக்காக நீங்கள் எல்லோரும் காத்திருந்த வருடங்கள் இவைதான்.

எழுதுவதைத்தான் விட்டார். மத்தியானங்களில் மாமாவுக்குச் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டே மேகத்துறைக் கதையைச் சொல்வார். ஒரு வாய் சோறு, ஒரு துண்டுக் கதை. மறுநாள் மாமாவுக்கு எதுவும் நினைவிருக்காது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விடுமுறை நாட்களில் போய் உட்காரும் எனக்குக் கேட்கவே அலுப்பாக இருக்கும். ஜெபராஜ் அலுத்துக்கொண்டதில்லை. “தினமும் புது வாசகர் சார் எனக்கு. எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்?” என்பார். ஒரு முறை மாமா சோற்றை மென்றுகொண்டே, மேகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு டிக்கெட் பார்த்தது யார் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் மூன்றாம் பாகத்தின் கறுப்புக் கோட்டுக்காரர் பிறந்தார்.

மாமா ஒரு மழைக்காலத்தில் காலமானார். அடுத்த ஆண்டு ஷைனி வேலை கிடைத்துப் புனே போனாள். ஸ்டெல்லா, மகளின் அறையைச் சுத்தம் செய்து, மேசை போட்டு, ஏசி மாட்டி, “இனிமே இது உங்க ரூம். கதவ சாத்திக்கிட்டு எழுதுங்க,” என்றார். அவர் செய்ததிலேயே அன்பான காரியம் அது. ஜெபராஜ் பீரோவிலிருந்து லேப்டாப்பை இறக்கினார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு வரி வரவில்லை.

மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் பிற்பகல் பார்க்கப் போனபோது அவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை துடைத்து வைத்தபடி காய்ந்து கிடந்தது. காலையில் ஸ்டெல்லாவுக்குக் கட்டிக் கொடுத்ததோடு சரி, மத்தியானம் தன் ஒருவருக்காகச் சமைக்கத் தோன்றவில்லை என்று பிஸ்கட் சாப்பிட்டிருந்தார்.

“இத்தன வருஷமா நேரம் கிடைக்கலன்னு அழுதேன். இப்ப நாள் பூரா நேரம்தான் சார். வீடு இவ்ளோ அமைதியா இருந்தா எனக்கு பயமா இருக்கு. யாராவது கூப்பிடுவாங்கன்னு காது அங்கயே போகுது. யாரும் கூப்பிட மாட்டேங்குறாங்க.”

தனியாகவே வாழ்ந்து பழகிய நான் அதற்கு ஏதாவது யோசனை சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. யோசனை அவரிடமிருந்தே வந்தது.

“நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. மத்தியானம் சும்மாதான இருக்கீங்க? இங்க வந்து ஹால்ல உக்காருங்க.”

“உக்காந்து?”

“எதாவது கேட்டுக்கிட்டே இருங்க. தண்ணி, காபி, டிவி ரிமோட், எதுனாலும். என்னை எழுத விடாதீங்க.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் போனபோது உண்மையிலேயே அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் கூடத்தில் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஜெபராஜ் சார், சிரமம் இல்லன்னா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். “என்ன சார், பேங்க்ல லோன் கேக்குற மாதிரி கேக்குறீங்க! இப்படிக் கேட்டா எனக்கு எப்படி எழுத்து வரும்? அதட்டுங்க சார். ‘யோவ், காபி என்னாச்சு?’ன்னு கேளுங்க.”

எனக்கு அது வரவில்லை. சின்ன வயதிலேயே தாய் தந்தையை இழந்து, உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்தவன். கொடுத்ததைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்கத் தெரியும். கேட்கத் தெரியாது. ஜெபராஜ் விடவில்லை. மெல்ல மெல்லப் பழகினேன். காபியில் சர்க்கரை போதவில்லை என்றேன். மின்விசிறி காற்றே வரவில்லை என்றேன். ஒரு நாள், “யோவ் ஜெபராஜ், மணி என்ன ஆகுது, சோறு போடுற எண்ணம் இருக்கா இல்லையா?” என்று கத்தியேவிட்டேன். உள்ளிருந்து, “வரேன் வரேன், ஒரே நிமிஷம்!” என்று பதில் வந்தது. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த ஒரு நிமிடத்தில் விசைப்பலகை மழை பெய்வது போலச் சத்தம் போட்டது. பிறகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்தன.

மூன்றாம் பாகம் இப்படித்தான் எழுதி முடிக்கப்பட்டது. முடித்த அன்று அவர் வெளியே வந்து மாவு கரைத்து எனக்கு நான்கைந்து தோசை வார்த்துப் போட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், “முடிச்சுட்டேன் சார்,” என்றார். நாளையிலிருந்து நான் வர வேண்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தேன். வாசல்வரை வந்தவர், “நாளைக்கு வத்தக்குழம்பு வைக்கிறேன், வந்துடுங்க,” என்றார்.

புத்தகக் கண்காட்சியில் அவருடைய மேசைக்கு வந்த ஒரு பெண்மணி, கல்லூரியில் படித்தபோது முதல் பாகத்தை வாசித்தவராம். கையில் தன் மகளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். “ரொம்ப நாள் காக்க வச்சுட்டீங்க சார்,” என்றார். ஜெபராஜ் எழுந்து நின்று, “மன்னிச்சுக்கங்கம்மா, வீட்ல கொஞ்சம் வேலை இருந்துச்சு,” என்றார். அவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதில் நான் கேட்ட மிகச் சுருக்கமான விளக்கம் அது.

அடக்கம் தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். போதகர் அவரை நல்ல கணவர், நல்ல தகப்பன் என்றார். நம் கூட்டத்திலிருந்து பேசியவர் அவரைத் தமிழ் மாயக்கதையின் முன்னோடி என்றார். இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவது போல இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான். கரண்டியும் கதையும் ஒரே கையில் இருந்த ஆள்.

போன வாரம் ஸ்டெல்லாவைப் பார்த்து வரப் போனேன். பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ‘மேகத்துறை’ முதல் பாகத்தைப் படிக்க ஆரம்பித்திருப்பதாகவும், பெயர்கள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, எல்லோரும் கேட்பது போல, “சாப்டீங்களா அண்ணா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என் வாழ்நாளெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். “ஆச்சும்மா.” பட்டினியாக இருந்த நாட்களிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அன்று வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன்.

“இல்லம்மா. பசிக்குது,” என்றேன்.

ஸ்டெல்லா பையை நாற்காலியில் வைத்துவிட்டுச் சமையலறை விளக்கைப் போட்டார். “நானும்தான் சாப்டல. தனியா சாப்பிடப் பிடிக்கல. அரிசி வைக்கிறேன், நீங்க வெங்காயம் உரிங்க.”

உரித்தேன். ஜெபராஜிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: பசிக்கும்போது பசிக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்கிறது.